வலப்பக்கப் பொட்டலம் இரண்டு விரல் தள்ளி

1

காலை ஆறு நாற்பது. எழுந்து சமையலறைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது இரண்டு அவித்த முட்டைகள். ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்களில் சாப்பாட்டு மேசையின் நடுவே இருந்தன. இடையில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள் யாழினி, ஏழு வயது, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் என் மனைவி கயல்விழி.

"எடு" என்றாள் கயல்.

யாழினி வலப்பக்க முட்டையை எடுத்தாள்.

"மறுபடி வலது. நீங்க அந்தப் பக்கம் நிக்காதீங்க, நிழல் விழுது."

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம். நாங்கள் இருப்பது தைவானில் சின்ச்சூ என்ற நகரம். கயல் இங்கே மெமரி சிப் வடிவமைக்கிறாள். நான் கடலூரில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவன். இப்போது வீட்டிலிருந்தபடி இயந்திரக் கையேடுகளின் ஆங்கிலத்தைத் திருத்துகிறேன். குடியிருப்பு அட்டையில் என்னைக் குறிக்கும் சொல் "சார்ந்திருப்பவர்". அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கவுண்டரில் இருக்கும் பெண் என் வருமானச் சான்றைக் கேட்டு வாங்குவார். அதைப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் சான்றைக் கேட்பார்.

முட்டைக்கு வருகிறேன். கயலின் வேலையை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னால் இப்படி வரும். மெமரி சிப்புக்குள் ஒவ்வொரு தகவலும் ஒரு நுண்ணிய கிண்ணத்தில் நிற்கும் மின்சாரம். கிண்ணம் நிறைந்திருந்தால் ஒன்று, காலியாக இருந்தால் பூஜ்ஜியம். அதைப் படிக்க ஒரு நீளமான கம்பியில் திறந்துவிடுவார்கள். கம்பி பெரிது, கிண்ணம் சிறிது. எனவே கம்பியின் அழுத்தம் மிகக் கொஞ்சமாகத்தான் மாறும். பக்கத்துக் கம்பியோடு ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சிறிய சுற்று இருக்கிறது. சென்ஸ் ஆம்ப்ளிபயர் என்பார்கள். அதன் இரண்டு பக்கங்களும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையாலும் அப்படிச் செய்ய முடிவதில்லை. எனவே ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வரும் வித்தியாசம் அந்தச் சாய்வைவிடச் சிறியதாக இருந்தால் தீர்ப்பு தப்பாகிவிடும்.

வைத்தியம் எளிது. படிக்கும் முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவைக் கொடுத்துவிடுவது. வித்தியாசமே இல்லாதபோது அது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து அதை நினைவில் வைப்பது. பிறகு உண்மையாகப் படிக்கும்போது அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் ஈடு கொடுப்பது. கயல் பல வருடங்களாகச் செய்வது இதைத்தான்.

அன்று காலை அவள் அதை எங்கள் மகளுக்குச் செய்துகொண்டிருந்தாள்.

2

காரணம் சிதம்பரத்தில் இருந்தது. கயலின் அப்பா, என் மாமா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிப்பது போலப் பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்குவார். புதுச்சேரி டாக்டர், மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்குப் பயம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"அம்மன்கிட்ட பூ கட்டிப் பாக்கணும்" என்றார் வீடியோ அழைப்பில். "வெள்ள வந்தா பண்ணிக்கிறேன். செகப்பு வந்தா என்ன உட்ருங்க. நிம்மதியாப் போறேன்."

"அப்பா, டாக்டர் சொல்றாருல்ல?"

"டாக்டர் சொல்றாரு. அம்மன் இன்னும் சொல்லலியே. என் பேத்திதான் எடுக்கணும். வேற புள்ள எடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன்."

பூ கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்வது. எங்கள் பக்கத்தில் கல்யாணம், மனை, கேஸ் என்று எல்லாவற்றுக்கும் பார்ப்பார்கள். கயல் போனை மேசைமேல் சாய்த்து வைத்தாள். பிறகு என்னிடம், "யாழினி எப்பவும் வலது பக்கம்தான் எடுப்பா, கவனிச்சிருக்கீங்களா?" என்றாள்.

கவனித்ததில்லை.

"கவலைய விடு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவ வச்சிடலாம்" என்றேன்.

கயல் என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அவளுடைய அலுவலகக் கட்டுரையில் ஓர் எண்ணை நான் அழகுக்காக முழு எண்ணாக மாற்றியபோது.

"அது படிக்கிறது இல்ல, எழுதறது. அப்பா ஒரு கேள்வி கேட்டிருக்காரு. பதில நாம எழுதிக் கொடுத்தா அவர ஏமாத்தற மாதிரி. பதில் எதுவா இருந்தாலும் தப்பில்லாம படிக்கணும்."

"செகப்பு வந்தா?"

அவள் போனை எடுக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் அழைப்பு துண்டிக்கப்படவில்லை என்று பார்த்தேன். மாமா எழுந்து போயிருந்தார். திரையின் ஓரத்தில் கயலின் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தை எப்போதும் அதிகம் பேசமாட்டார். ஒரு முளைக்கீரைத் தண்டை உடைத்துவிட்டு, போனை எட்டி அணைத்தார்.

3

யாழினியின் பள்ளியில் விடுப்பு வாங்க வேண்டும். இணையத்தில் மூன்று காரணங்கள்தான் உண்டு: நோய், சொந்த வேலை, துக்கம். சொந்த வேலை என்றால் விளக்கம் எழுத வேண்டும். கயல் சீன மொழியில் எழுதிய விளக்கம் "அளவுத் திருத்தம்". வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். என் சீனம் காய்கறிக் கடைவரை தாங்கும். தாத்தாவுக்கு இதயம் சரியில்லை என்று சொல்ல முயன்றேன். ஆசிரியையின் முகம் மாறியது. நான் சொன்னதற்குத் தாத்தா கெட்ட எண்ணம் கொண்டவர் என்று பொருள் என்று பிற்பாடு யாழினி விளக்கினாள். அப்படிப்பட்டவரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறோமே என்று ஆசிரியை நெகிழ்ந்து, கேட்டதைவிடக் கூடுதலாகவே விடுப்புக் கொடுத்தார்.

யாழினிக்குத் தமிழ் புரியும். ஆனால் அவசரத்துக்கு அவளுக்கு வருவது சீனம்தான். எண்ணுவதும் அழுவதும் அதில்தான். தாத்தாவை "வைகோங்" என்று கூப்பிடுவாள். சிதம்பரம் வீட்டு வாசலில் இறங்கியதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"தாத்தான்னு சொல்லுடி. வைகோங்குன்னா ஏதோ வைக்கோல் போரு மாதிரி இருக்கு" என்றார் மாமா. சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

4

குலதெய்வக் கோயில் பிச்சாவரம் போகிற சாலையில் இருக்கிறது. பூசாரி ஏழுமலை, ஐம்பது வயது. ஏதோ சர்வே எடுக்க வந்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார். கயல் கையில் ஸ்கேல், ஒரே அளவில் வெட்டிய காகிதங்கள், ஈரத் துணியில் சுற்றிய இரண்டு மூன்று வெள்ளரளிப் பூக்கள். சிவப்பு அரளி கோயில் வேலியிலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இரண்டும் அரளியாக இருக்க வேண்டும் என்பது கயலின் கட்டளை. பூவின் வடிவம் கைக்கு வேறாகத் தெரியக்கூடாது.

"எதுக்கும்மா இத்தினி? நான் துணிக்குள்ள கலச்சிதானே வைக்கிறேன். எந்தப் பக்கம் எது இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார் ஏழுமலை.

"நீங்க கலச்சி வைக்கிறீங்க. ஆனா இவ எப்பவும் வலதுதான் எடுப்பா. அப்போ அம்மன் என்ன சொன்னாலும் இவ காதுல எப்புடி விழும்? அம்மன் மெதுவா சொல்றாங்க, இவ கைப்பழக்கம் சத்தமா சொல்லுது."

"அம்மா மெதுவாப் பேசறாங்கன்னு இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைண்ட் பண்ணதில்ல" என்றார் ஏழுமலை. இருந்தாலும் தட்டை எடுத்து வைத்தார்.

சின்ச்சூவில் எடுத்த கணக்குப்படி வலப்பக்கப் பொட்டலத்தை யாழினியிடமிருந்து ஒரு விரல் தள்ளி வைத்தால் அவள் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி எடுக்கிறாள். ஆனால் வெயில் ஏறினால் சாய்வும் மாறும், சிப்பிலும் அப்படித்தான், எனவே இடத்திலேயே மறுபடி அளக்க வேண்டும் என்றாள் கயல். வெள்ளைப் பூ குறைவு என்பதால் ஒத்திகைக்கு இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே கட்டினாள். எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டையும் பிரித்துக் காட்டி, "செகப்பு, செகப்பு" என்று சொல்லி, அடுத்ததைக் கட்டினாள். மாமா இன்னும் வந்து சேரவில்லை. காரிலிருந்து கோயில் கொஞ்ச தூரம்தான். வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வெயிலில் ஒரு விரல் போதவில்லை. இரண்டு விரல் தள்ளி வைத்ததும் சரியாக வந்தது. "சொன்னேன்ல" என்றாள் கயல். ஊருக்கு வந்த பிறகு அவள் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தது அப்போதுதான்.

உறுதிக்காக இன்னும் ஒரு முறை வைத்தாள். யாழினி எடுத்தாள். அருகில் நின்ற ஏழுமலை, எத்தனையோ வருடப் பழக்கத்தில், அதை வாங்கிப் பிரித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, இடது கையால் மணியை அடித்துவிட்டார்.

வாசலில் மாமா நின்றிருந்தார்.

"செகப்பு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "முடிஞ்சிது. வாங்க, வெயில் இன்னும் ஏறறதுக்கு முன்னால வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்பா, இது ட்ரையல்!"

"மணி அடிச்சாரே?"

"பழக்க தோஷம் சார்" என்றார் ஏழுமலை.

"ரெண்டு பொட்டலத்துலயும் செகப்புதாம்ப்பா வச்சிருக்கு. இதோ பாருங்க." கயல் மற்றதையும் பிரித்துக் காட்டினாள்.

மாமா இரண்டையும் பார்த்தார். "ரெண்டுலயும் செகப்புன்னா இன்னும் நல்லதாப் போச்சு. சந்தேகத்துக்கே எடமில்லாம சொல்லிட்டாங்க."

கயல் ஸ்கேலைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள். அத்தை கோயில் தூணில் சாய்ந்துகொண்டு மாமாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அதை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். இடதுகால் செருப்பு மாட்டுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

5

பத்திரிகையில் இருந்த காலத்தில் தேர்தல் நாள் எனக்கு விடியும் முன்பே தொடங்கிவிடும். வாக்குச்சாவடியில் முதல் வாக்காளர் வருவதற்கு முன் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்து இயந்திரத்தில் ஒத்திகையாக வாக்குப் போடுவார்கள்; மாக் போல் என்று பெயர். எண்ணிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் அழித்துவிட்டு நிஜ வாக்குப்பதிவைத் தொடங்குவார்கள். மாமா எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"மாமா, மாக் போல்ல யாரு ஜெயிச்சாலும் கணக்குல வருமா?"

வலதுகால் செருப்போடு நின்றார். "அது எப்புடி வரும் மாப்ள? மாக் போல் மாக் போல்தான்."

"இப்ப நடந்தது அதுதான் மாமா. மிஷின் சரியா இருக்கான்னு பாத்தோம்."

மாமா திரும்பி யாழினியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். அவருக்குள் இருந்த பக்தர் பின்னால் போய், தலைமை அலுவலர் முன்னால் வருவது தெரிந்தது.

"கிளியர் பண்ணீங்களா?"

"எதை மாமா?"

"மிஷின மாப்ள. மாக் போல கிளியர் பண்ணாம ஓட்டு ஆரம்பிச்சா எலக்‌ஷனே செல்லாது. எத்தினி பேரு அதுல மாட்டிக்கிட்டாங்க தெரியுமா?"

ஒரு குழந்தையை எப்படி அழிப்பது என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. ஏழுமலை மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் யாழினி தலையில் தெளித்தார். எது இருந்தாலும் இறங்கிவிடும் என்றார். கயல், அவள் இரண்டு கையும் கொஞ்ச நேரம் சம நிலையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை படிப்பதற்கு முன்பும் இரண்டு கம்பியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவோம் என்றாள். மாமா, இடையில் போதிய நேரம் விட வேண்டும், சாயங்காலம்தான் ஆரம்பிக்கலாம் என்றார்.

"புள்ளக்கிப் பசிக்கிது" என்றார் அத்தை. மற்ற மூன்று கருத்துகளும் அதோடு நின்றன.

பக்கத்திலேயே பிச்சாவரம். சாப்பிட்ட பிறகு மாமாவையும் அத்தையையும் கோயிலில் விட்டுவிட்டுப் படகுக்குப் போனோம். கயல் யாழினியைப் படகின் சரி நடுவில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் ஒரே அளவு முறுக்கு கொடுத்தாள். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக இருந்தது. இடப்பக்கம் ஒரு கொக்கு நின்றது. யாழினி எட்டிப் பார்த்தாள்.

"நேரா ஒக்காரு" என்றாள் கயல்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "ஏம்மா, புள்ள பறவ பாக்குது, உடும்மா. காசு குடுத்து வந்துட்டு ஆடாம ஒக்காருன்னா எப்புடி?"

"இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கமும் பாக்கணும்ண்ணே."

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வலப்பக்கம் ஒரு கொக்கு கிடைக்கும்வரை படகை ஓட்டினார்.

திரும்பி வரும்போது யாழினி என் பக்கம் சாய்ந்து சீனத்தில் ஏதோ கேட்டாள். அம்மாவுக்குக் கேட்காமல் மிக மெதுவாகக் கேட்டாள். எனக்குப் புரிந்தவை மூன்று சொற்கள்: சிவப்பு, வைகோங், சாவது. "இல்லை" என்பதற்கு எனக்குச் சீனம் தெரியும். சொன்னேன். கயலிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலிலிருந்து அளக்க ஆரம்பித்திருப்பாள்.

6

சாயங்காலம் கோயிலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கயல் நடைமுறையைச் சொன்னாள். பொட்டலத்தை அவள் கட்டக்கூடாது, வைப்பவர் அவள் என்பதால். அத்தை கருவறைக்குப் பின்னால் போய்த் தனியாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஏழுமலை துணிக்கு அடியில் கலைத்துக் கொடுக்க வேண்டும். மணிக்குப் பக்கத்தில் நிற்க அவருக்கு இப்போது அனுமதி உண்டு. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "ஏஜெண்டுங்க எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டு எங்களை எண்ணினார்.

அத்தை ஈரத் துணியோடு பின்னால் போனார். இரண்டு அரளியைக் காகிதத்தில் மடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் திரும்பி வந்தார். ஏழுமலை கலைத்தார். கயல் தட்டில் வைத்து, ஸ்கேலால் அளந்து, வலப்பக்கத்தை இரண்டு விரல் தள்ளினாள்.

"தாத்தா" என்றாள் யாழினி. அன்று முதல் தடவையாக அந்தச் சொல். "இது நெஜமா?"

"நெஜம்டா கண்ணு."

அவள் கை மேலே வந்து நின்றது. வலப்பக்கம் போனது, திரும்பியது. ஒத்திகை எதிலும் அவள் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. வேலியில் கட்டியிருந்த ஆடு ஒன்று கத்தியது. கயல் அந்த ஆட்டைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆடு நிறுத்திக்கொண்டது. யாழினி இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்து நேராகத் தாத்தாவிடம் கொடுத்தாள்.

அவரே பிரித்தார். வெள்ளை.

மணி அடித்தது. நிறைய நேரம் அடித்தது. மாமா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி. எப்ப அட்மிட் ஆவணும்?"

தட்டில் இன்னொரு பொட்டலம் இருந்தது. காலையில் ஒத்திகை முழுவதும் கயல் இரண்டையும் பிரித்துக் காட்டாமல் விட்டதில்லை. ஏழுமலை அதை எடுத்து, "இதையும் பாத்துடலாமாம்மா?" என்றார்.

அத்தை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கயல் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கினாள். விரலில் ஒரு முறை உருட்டினாள். கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள்.

"பாக்கலியா?" என்று கேட்டேன்.

"படிச்சாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. இப்பவே."

சிப்பில் ஒரு வழக்கம் உண்டு என்று அவள் சொல்லியிருக்கிறாள். கிண்ணத்தைத் திறந்து படித்தால் உள்ளே இருந்தது கொட்டிப் போய்விடும். எனவே தீர்ப்புச் சொன்ன சுற்றே, தான் என்ன சொன்னதோ அதைத் திரும்பக் கிண்ணத்தில் எழுதி வைக்க வேண்டும். சரியாகச் சொன்னதா தப்பாகச் சொன்னதா என்பதைக் கிண்ணத்திடம் இனிமேல் கேட்க முடியாது. நான் போன் போட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

7

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மாமா மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, சீல் வைத்துவிட்டீர்களா என்பது. நெஞ்சில் தையலைக் காட்டினார்கள். திருப்தியடைந்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மாடிப்படி முழுவதையும் ஏறினார். மேலே போய்த்தான் நின்றார். அங்கே காலண்டர் இல்லை.

நாங்கள் திரும்பும்போது தைவானைவிட்டுக் கிளம்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. விமான நிலையத்தில் பெட்டிக்காக நின்றபோது, பச்சை அங்கி போட்ட நாய் ஒன்று கயலின் கைப்பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கே அது உட்கார்ந்தால் பையில் பழமோ, இறைச்சியோ, செடியோ இருக்கிறது என்று பொருள். அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தார். பக்கவாட்டிலிருந்து கசங்கிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். கயல் அதை மறந்தே போயிருந்தாள்.

அதிகாரி வேகமாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. யாழினி அதே வேகத்தில் பதில் சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். நான் சார்ந்திருப்பவனாக நின்றேன்.

"பூன்னு சொல்லிட்டேன்" என்றாள் யாழினி. "என்ன கலர்னு கேக்குறாங்கம்மா."

கயல் நகரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன கலர்?"

அதிகாரி காத்திருக்கவில்லை. காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ஓர் அரளிப் பூ இருந்தது. அது பழுப்பு நிறமாக இருந்தது.